தட்டுக்குள் கிரிவலம்

சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னால் உப்பு டப்பாவை நகர்த்தி வைப்பவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அந்த அக்கா என்னை நகர்த்தினார்.

"ஒரு அடி நவுந்து உக்காந்து சாப்ட்டுப் பாருங்க" என்றார்.

பெஞ்சில் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தேன். புது ஊர், புது வேலை, நல்ல பசி. எதிர்த்துப் பேசுகிற நிலையில் நான் இல்லை. அடுத்த வாய் எடுத்து வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார், நான் நகர்ந்த நேரத்தில் இலையில் ஒரு சிட்டிகை தூவிவிட்டாராம். ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்டதற்கு, "நீங்க நவுந்ததாலதானே தூவ முடிஞ்சுது" என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருடம் அவர் கையால் சாப்பிட்டவன் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஊரே அவரைத் 'தட்டக்கா' என்றது, நானும் அக்கா என்றேன், அதோடு விஷயம் முடிந்துபோனது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, மலைப் பக்கத்து வரிசையில், இரண்டு விடுதிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சூரிய அடுப்பு. பளபளப்பான தகட்டைப் பெரிய கிண்ணமாக வளைத்து இரும்புச் சட்டத்தில் பூட்டியிருப்பார்கள். வெயிலை வாங்கி ஒரே இடத்தில் குவிக்கும். அந்த இடத்தில் பாத்திரத்தை வைத்தால் கொதிக்கும். அதைத்தான் எல்லோரும் தட்டு என்றார்கள். இந்தப் பக்கம் வந்து மூன்று வருடம் தங்கிய ஒரு வெள்ளைக்காரம்மா, ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் ஏற்ற முடியாமல் இவரிடம் விட்டுவிட்டுப் போனதாம்.

கடையில் பெஞ்சு இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஓர் இடத்தில் இருந்ததில்லை. இன்று சுவரோரம், நாளை வேப்பமரத்தடி, மறுநாள் வாசலுக்குக் குறுக்கே. ஒரு தடவை பால்காரர் செல்போனில் பேசிக்கொண்டே வந்து, முந்தின நாள் பெஞ்சு இருந்த இடத்தில் உட்கார்ந்தார். தரையில் விழுந்த பிறகும் போனை விடாமல் "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்று பேச்சைத் தொடர்ந்தது தனிக்கதை. இடத்தை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒரே எடத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி" என்பார் அக்கா. இப்போது அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மருமகன் இருட்டில் கட்டிலைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நான் பி.எஸ்சி. இயற்பியல். குழியாடிக்கு முன்னால் பொருளை எங்கே வைத்தால் பிம்பம் எங்கே விழும் என்று ஆறு படம் போட்டு மனப்பாடம் செய்து தேறியவன். அந்த அறிவோடு அவர் கடையில் ஒரு நாள், "அக்கா, இந்தத் தட்டுக்குக் குவியத் தூரம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"அது இன்னா தூரமோ. சட்டி வைக்கிற தூரம் எனக்குத் தெரியும்" என்றார்.

அதை அவர் கண்டுபிடித்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். வெள்ளைக்காரம்மா எப்படிச் சமைப்பது என்று சொல்லித் தராமலே போய்விட்டது. முதல் நாள் பால் காயவே இல்லை. இரண்டாம் நாள் முந்தானை நுனி பொசுங்கியது. மூன்றாம் நாள் தட்டை வெயிலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்துவிட்டு, ரோட்டிலிருந்து அதை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்து வந்திருக்கிறார். தூரத்தில் இருக்கும்போது உள்ளே அவர் சுண்டுவிரல் அளவில் தலைகீழாகத் தொங்கினார். கிட்டே வர வர அந்தத் தலைகீழ் உருவம் அவரை நோக்கி வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை, தட்டு முழுக்க முகத்தின் நிறம் மட்டும் பரவிக் கலங்கியது. அதையும் தாண்டித் தலையை உள்ளே நீட்டினால் உருவம் நிமிர்ந்துவிட்டது, மஞ்சள் பூசிய முகம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது.

"அந்தக் கலங்குற எடம் தட்டுலருந்து ரெண்டு முழம். சட்டியை அங்க வெச்சுப் பாத்தேன், சுடலை. கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளிக்கினே வந்தேன். ஒரு முழத்துல கொதிச்சுது. சரியாப் பாதி."

நான் இலையில் கையை வைத்தபடி அவரைப் பார்த்தேன். கண்ணாடி வளைவின் ஆரம் குவியத் தூரத்தைப்போல இரண்டு மடங்கு என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அதில் பால் காய்ச்சலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அன்றோடு அவருக்குப் பாடம் எடுக்கிற ஆசையை விட்டேன்.

நகர்ந்து பார் என்பது அவருக்கு அடுப்பு விஷயம் மட்டும் இல்லை. புடவை எடுக்கப் போனால் கடைக்காரரை வாசல்வரை நடக்க வைத்துக் கலர் பார்ப்பார். விடுதியில் தங்கியிருந்த ஒருவர் தியானம் கைகூடவில்லை என்று புலம்பியபோது, "பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டு உக்காருங்க" என்றார். அந்த மனிதர் அதைப் பெரிய உபதேசமாக எடுத்துக்கொண்டு கண்கலங்கிப் போனார். பிறகு விசாரித்தால், அந்த அறையில் பாய்க்கு நேர்மேலே மின்விசிறி கிறீச்சிடுமாம், அறையைப் பெருக்கப் போகும் பெண் சொல்லியிருக்கிறாள்.

என்னிடமும் இந்த வேலையைக் காட்டினார். துறைத் தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று நான் பெஞ்சில் சாய்ந்திருந்த ஒரு மத்தியானம், கொட்டகை ஓரத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் அண்டாவைக் காட்டினார். அண்டாவின் வெளிப்பக்கம் வளைவாகப் பளபளத்தது. அதில் ரோடு முழுக்க ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கியிருந்தது.

"அந்தக் கோடில ஒரு புள்ளி தெரியுதா? செங்கத்துலருந்து வர்ற பஸ்ஸு. நகருதா பாருங்க."

"நகரலை."

"பாத்துக்கினே இருங்க."

புள்ளி புள்ளியாகவே நின்றது. நான் கொட்டாவி விட்டேன். விட்டு முடிப்பதற்குள் புள்ளி வீங்கி, அண்டா முழுக்கப் பஸ் ஆகி, ஹாரன் சத்தத்தோடு எங்களைக் கடந்து போயேபோய்விட்டது.

"தூரத்துல இருக்கிற வரைக்கும் வராத மாதிரியே இருக்கும். கிட்ட வந்தா மேலயே வந்துடும்" என்று சொல்லிவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அந்தத் தடவை தேறவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, இலையில் கூடுதலாக ஒரு வடை வைத்தார். அந்த வடையைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தத் தட்டாலேயே வம்பு வந்தது.

பௌர்ணமி அன்று மலை சுற்ற வருபவர்கள் மதியத்திலிருந்தே எங்கள் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். மலை வலது கைப்பக்கம் இருக்க, கிழக்கிலிருந்து மேற்காகப் போவார்கள். தட்டு மலைப் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்க்கிறது. நாலு மணிக்கு வெயில் சாய்ந்ததும் அதுவும் குனிந்து ரோட்டை நேராகப் பார்க்கும். அப்போது நடக்கிற கூட்டம் முழுக்க அதற்குள் விழும், சின்னச் சின்னதாக, தலைகீழாக. அதோடு, வெளியே மேற்கே போகிறவர் உள்ளே கிழக்கே போவார். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் மலை, கீழே தட்டுக்குள் ஜனங்கள் அதை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அது பழகிவிட்ட வேடிக்கை.

ஒரு பௌர்ணமிக்குப் போளூர்ப் பக்கத்திலிருந்து வேனில் முப்பது பெண்கள் வந்தார்கள். விடுதிச் சந்தில் இறங்கி அப்போதுதான் ரோட்டில் கலந்தவர்கள். முன்னால் போன பெரியம்மா தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். தன் சிவப்புப் புடவை உள்ளே எதிர்ப்பக்கம் போவது அவருக்குத் தெரிந்தது.

"அய்யய்யோ, தப்பாச் சுத்துறோம்டி. கண்ணாடி பொய்யா சொல்லும்? திரும்புங்க."

முப்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். எதிரே வந்த கூட்டத்தோடு மோதி, ஒரு பொரி மூட்டை கொட்டி, ஒரு குழந்தை அழுது, கால் மணி நேரம் ரோடு அடைத்துக்கொண்டது. நல்லவேளையாக யாரும் விழவில்லை.

அந்த நெரிசலை விசில் ஊதிச் சரிசெய்தவர் எங்கள் ரோட்டில் விசில் ஐயா என்று பெயர் வாங்கியவர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக, கடையிலிருந்து நூறடி கிழக்கே நின்று, எதிர்த்திசையில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார். யாரும் அவரை நியமிக்கவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. அவர் மறுநாளே அழகான கையெழுத்தில் ஒரு மனு எழுதினார். மேற்படி தட்டு பக்தர்களைத் தலைகீழாகவும் எதிர்ப்பக்கமாகவும் காட்டித் திசைதிருப்புகிறது, ஆபத்து நேருமுன் அகற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். மனு நான் வேலை பார்த்த தாலுகா ஆபீசுக்கு வந்தது. "நீ பிசிக்ஸ்தானே, போய்ப் பாத்து ரிப்போர்ட் எழுது" என்று மேலதிகாரி என் மேஜையில் போட்டார்.

மனுவை இரண்டு தடவை படித்தேன். மனுவில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தட்டு போனால் அக்காவுக்குக் கடை இல்லை. இருந்த ஒரு கேஸ் அடுப்பு சட்னி தாளிக்க மட்டும்தான், சோறும் சாம்பாரும் தட்டில்தான் வெந்தன. பாதிப் பேர் அங்கே வருவதே தட்டைப் பார்க்கத்தான். மத்தியானம் போய் விஷயத்தைச் சொல்லி, நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன், கவலை வேண்டாம் என்றேன்.

அவர் முகம் மாறியது. "எனக்காக ஒரு வரி மாத்தி எழுதுனீங்கன்னா நாளைலருந்து உங்களுக்கு இங்க எலை கிடையாது" என்றார். "ஆபீஸ்ல உக்காந்தும் எழுதாதீங்க. வர்ற பௌர்ணமிக்கு நாலு மணிக்கு வாங்க. ஐயாவையும் வரச் சொல்லுங்க. பாத்துட்டு எழுதுங்க."

போனேன். ஐயாவும் மேற்கு நோக்கி நடந்து சரியான திசையில் வந்து சேர்ந்தார். தட்டின் நடுவில் குழம்புச் சட்டி. அதன் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக ஜனங்கள் கால் மேலே, தலை கீழே நடந்துகொண்டிருந்தார்கள்.

"பாருங்க சார். நான் எழுதுனது தப்பா?"

"இல்லைங்க ஐயா. அப்படித்தான் தெரியுது" என்று எழுதிக்கொண்டேன். பேனா பிடித்த கை எனக்கே பிடிக்கவில்லை.

"நானும் தப்புன்னு சொல்லலியே" என்றார் அக்கா. "ஐயா, ஒரு அடி நவுந்து பாருங்க."

"எதுக்கு?"

"சும்மா."

ஐயா மேற்கே ஓர் அடி வைத்தார். தட்டுக்குள் ஒரு வெள்ளைச் சட்டை கிழக்கே போனது. திரும்பி வந்தார், அதுவும் திரும்பி வந்தது.

"நான் இந்தப் பக்கம் போனா அவன் அந்தப் பக்கம் போறானே."

"அவன் இல்லீங்க, நீங்கதான்."

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாட்டுக் காட்டாதம்மா. அன்னிக்கு அந்தக் குழந்தை கீழ விழுந்து மிதிபட்டிருந்தா? நீ பதில் சொல்வியா, இந்த சார் சொல்வாரா?"

எதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே கிடையாது. கையில் இருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். "அது நெசந்தான் ஐயா. அதை நான் யோசிக்கலை. எடுக்கணும்னா எடுத்துடறேன். தம்பி, எழுதிக்குங்க" என்றார்.

ஐயா ஜெயித்துவிட்டார், ஆனால் அவருக்கும் அது சந்தோஷமாக இல்லை என்று தெரிந்தது. திரும்பித் தன் இடத்துக்குப் போக ஆரம்பித்தார். அவர் இடம் கிழக்கே இருந்தது. கூட்டம் மேற்கே வந்துகொண்டிருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்தான் முதலில் பார்த்தார். "அக்கா, தட்டுல பாரு. அத்தினி பேர்ல ஒருத்தரு மட்டும் கரெக்டா போறாரு."

பார்த்தோம். எல்லோரும் மலையை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்க, ஒரே ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் முறையாகப் பிரதட்சிணம் போய்க்கொண்டிருந்தது. டீக் கிளாஸோடு நின்ற ஐந்தாறு பேரும் சிரித்துவிட்டார்கள். அக்கா ரோட்டுக்கே ஓடினார்.

"ஐயா, நில்லுங்க. நின்னு தட்டைப் பாருங்க. சரியாப் போறது யாருன்னு பாருங்க."

ஐயா நின்றார். தட்டைப் பார்த்தார். தன்னை இடித்துக்கொண்டு எதிரே வரும் கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். கிழக்கே இரண்டு அடி, மேற்கே இரண்டு அடி. பிறகு கிழக்கே. ஆறேழு தடவை நடந்து பார்த்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு பெண் நின்று, "ஐயா, மலை சுத்துறது இந்தப் பக்கம்" என்று அவருக்கு வழி காட்டினாள்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தார்.

"இதுல சரியாத் தெரியறவன் வெளிய தப்பாப் போறான். அப்படித்தானேம்மா?"

"ஆமாங்க ஐயா. இதை அந்த அம்மாங்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சு."

"அத்தினி பேருக்கும் உன்னால சொல்ல முடியாது. சார், அந்த மனுவைக் குடுங்க."

கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, அதே அழகான கையெழுத்தில், பௌர்ணமி நாட்களில் ரோட்டுப் பக்கம் ஆள் உயர ஓலைத் தட்டி கட்டி மறைத்தால் போதும், அகற்ற வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெயில் மேலே இருந்து வருகிறது, ஜனங்கள் பார்ப்பது பக்கவாட்டில். பி.எஸ்சி. படித்த எனக்கு ஒரு மாதமாகத் தோன்றாத யோசனை. அக்கா உடனே தலையாட்டினார். எனக்கு அவர்கள் இரண்டு பேர் காலிலும் விழலாம் போல இருந்தது.

டீயைக் கொடுத்துவிட்டு அக்கா கேட்டார், "ஐயா, நீங்க கடைசியா எப்போ மலை சுத்துனீங்க?"

ஐயா கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். "விசில் மாட்டினதுலருந்து சுத்தலைம்மா. பதினோரு வருஷம் ஆச்சு."

"முட்டி வலியா?"

"முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் போயிட்டா இவங்களை யாரு பாக்குறது?"

"பாக்கிறதுக்கு நாங்க இருக்கோம். நீங்க நவுருங்க" என்றார் அக்கா.

ஐயா டீயைக் குடித்து முடித்தார். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் என் கழுத்தில் மாட்டிவிட்டு, கூட்டத்தில் இறங்கி மேற்கே நடந்தார்.

நானும் அக்காவும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லோரோடும் சேர்ந்து அந்த வெள்ளைச் சட்டையும் கால் மேலே தலை கீழேயாக எதிர்ப்பக்கம் போனது. சட்டிக்குப் பின்னால் மறைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது, சிறுத்தது, மற்ற புள்ளிகளில் எது அவர் என்று தெரியாமல் கலந்துவிட்டது.

"இப்பதான் கரெக்டா போறாரு" என்றார் அக்கா.